முதுகுத் தட்டுப் பிதுக்கம்: தவிர்க்க வேண்டிய அன்றாடப் பழக்கங்கள்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் பங்குகொண்ட சுகாதாரக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)

ஒரு நாட்டின் உற்பத்தித் திறனைக் கணக்கிடும்போது நிலம், நீர், மின்விசை, மூலதனம் ஆகியவை பேசப்படுகின்றன. உழைப்பின் சுமையைத் தாங்கும் முதுகு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் மக்கள் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர் என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. மக்களை ஆண்டுக்கணக்கில் இயலாமையுடன் வாழச்செய்யும் காரணங்களுள் கீழ்முதுகு வலியே முதலிடம் பெறுகிறது. மூட்டை சுமப்பவர், நாற்று நடுபவர், லாரி ஓட்டுபவர், நாள் முழுவதும் மேசையில் குனிந்து எழுதுபவர் என அனைவரையும் இது தாக்குகிறது.

இவ்வலிகளுள் ஒரு சிறு பகுதியே முதுகுத் தட்டின் பிதுக்கத்தால் வருவது. எனினும் வந்துவிட்டால் கடுமையாகத் துன்புறுத்துவதும், நோயாளியையும் குடும்பத்தையும் மிகுதியாக அச்சுறுத்துவதும் அதுவே. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில், அதாவது குடும்பத்தின் வருவாய் ஒருவருடைய உழைப்பை நம்பியிருக்கும் காலத்தில், அது வருகிறது. மருத்துவமனைக்குச் செல்வது சில நாட்களே. எஞ்சிய நாட்களை நோயாளி தம் வீட்டிலும் வயலிலும் அலுவலகத்திலும் கழிக்கிறார். ஆகவே எந்தப் பழக்கத்தைக் கைவிடுவது, எதைக் கைவிடாமலிருப்பது என்னும் அறிவு, மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

தட்டு என்பது யாது?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் தொடர் அது. இவ்வெலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு தட்டுக்கும் இரு பகுதிகள் உண்டு. வெளிப்புறம் வலிமையான நார்கள் வளையம் வளையமாகப் பின்னப்பட்டது. உட்புறம் நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்றது. நடக்கும்போதும் குதிக்கும்போதும் விழும் அதிர்ச்சியை இத்தட்டுகளே வாங்கிக்கொள்கின்றன.

வயது, பரம்பரை, தொடர்ந்த பளு ஆகியவற்றால் வெளிவளையத்தில் கீறல் விழும்போது உள்ளிருக்கும் கூழ் அதன் வழியே பிதுங்குகிறது. பிதுங்கிய பகுதி அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தியும் உறுத்தியும் வீங்கச்செய்கிறது. அதனால் இடுப்பில் தொடங்கும் வலி, பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்னலைப் போல் இறங்குகிறது. இதுவே சயாட்டிகா எனப்படுவது. இடுப்புப் பகுதியின் அடியிலுள்ள இரு தட்டுகளே மிகப் பெரும்பாலும் இவ்வாறு பிதுங்குகின்றன. உடலின் மேற்பாதிச் சுமை முழுவதும் அங்கு இறங்குவதும், குனிவதும் நிமிர்வதும் அங்கு மிகுதியாக நிகழ்வதுமே அதற்குக் காரணங்கள்.

பேச்சு வழக்கில் இதனை ‘ஜவ்வு விலகிவிட்டது’, ‘டிஸ்க் நழுவிவிட்டது’ என்பர். இச்சொற்கள் ஒரு தவறான எண்ணத்தை ஊட்டுகின்றன. தட்டு எங்கும் நழுவுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளுடன் அது உறுதியாகப் பிணைந்தே இருக்கிறது. நழுவியதைத் தட்டி, இழுத்து, மிதித்து இருந்த இடத்தில் சேர்த்துவிடலாம் என்று மக்கள் நம்புவதற்கு இச்சொல் வழக்கே வழி செய்கிறது.

தட்டின் பிதுக்கமே கால்வலிக்குக் காரணம் என்பது மருத்துவ உலகில் நிலைபெற்றது 1934ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் அவ்வாண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனையாயிற்று. அதன்பின் நெடுங்காலம் அறுவைச் சிகிச்சையும் நீண்ட படுக்கை ஓய்வுமே வழிகளாகக் கருதப்பட்டன. கடந்த நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகள் இக்கருத்தைப் பெரிதும் மாற்றியுள்ளன. பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானே சுருங்கி, உடலால் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அறுவையின்றியே நலம் பெறத் தொடங்குகின்றனர். அந்தக் காலத்தில் இயற்கையின் பணிக்கு இடையூறு செய்யாதிருப்பதே நோயாளியின் கடமை.

அழுத்தத்தின் கணக்கு

எந்த நிலையில் தட்டின்மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை அறிவியலார் நேரடியாகவே அளந்துள்ளனர். சுவீடன் நாட்டின் நாக்கெம்சன் 1960களில் இவ்வளவீடுகளைத் தொடங்கினார். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்விருப்பத்துடன் முன்வந்த ஒருவரின் தட்டுக்குள் நுண்ணிய அளவுகருவியைச் செலுத்திக் கண்ட முடிவுகளை 1999இல் வெளியிட்டனர். அவற்றின்படி, படுத்திருக்கும்போது தட்டின் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். தளர்வாக நிற்கும்போது 0.5. முன்னோக்கிக் குனிந்து நிற்கும்போது 1.1. இருபது கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கும்போது அது 2.3 ஆக உயர்ந்தது. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7 ஆகக் குறைந்தது. உடலோடு ஒட்டிப் பிடித்திருந்தபோது 1.1 மட்டுமே.

ஒரே ஒருவரிடம் எடுக்கப்பட்ட அளவு என்பதால் இவ்வெண்களை அனைவருக்கும் பொருத்துவதற்கில்லை. எனினும் அவை காட்டும் திசை தெளிவானது. பொருளின் எடையைவிட, அதை எடுக்கும் முறையும் அது உடலிலிருந்து விலகியிருக்கும் தொலைவும் தட்டைப் பெரிதும் பாதிக்கின்றன. தவிர்க்க வேண்டிய பழக்கங்கள் பலவும் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கும்.

எழுந்தவுடன் குனிதல்

முதலாவது, விடியற்காலையின் பழக்கம். இரவில் படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சிப் பருக்கிறது. உல்ம் ஆய்விலும் ஏழு மணி நேர உறக்கத்தில் தட்டின் அழுத்தம் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. மனிதர் காலையில் சற்று உயரமாகவும் மாலையில் சற்றுக் குள்ளமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பருத்து விறைத்திருக்கும் தட்டு, குனியும்போது மிகுந்த இழுப்புக்கு உள்ளாகிறது. படுக்கையை விட்டு எழுந்தவுடன் குனிந்து பாய் சுருட்டுவதும், வாசல் பெருக்குவதும், தண்ணீர் வாளியைத் தூக்குவதும், உடற்பயிற்சி என்று காலைத் தொட முயல்வதும் இக்காரணத்தால் தீங்கானவை. விடியற்காலையில் குனிவதைக் கட்டுப்படுத்தியவர்களின் நாட்பட்ட முதுகுவலி குறைந்ததாக 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனியும் வேலைகளை ஒத்திவைத்துச் சிறிது நடப்பது செலவில்லாத மருந்தாகும்.

எழும் முறையும் கவனத்திற்குரியது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரக்கூடாது. ஒருபுறமாகத் திரும்பி, கைகளை ஊன்றி, கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும்.

தூக்குதலும் திருகுதலும்

இரண்டாவது, பளுவை எடுக்கும் பழக்கம். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து எடுப்பது, பொருளைக் கை நீட்டி எட்டத்தில் பிடிப்பது, எடுத்த பளுவுடன் இடுப்பைத் திருகுவது ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது தட்டின் வெளிவளையம் மிகுதியாகக் கிழிபடுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைத்து வாளியைத் திருப்பி வைப்பதும், லாரியிலிருந்து மூட்டையை இழுத்துத் தோளில் ஏற்றுவதும், மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் பக்கவாட்டில் எறிவதும் இத்தகைய செயல்களே. திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தி உடல் முழுவதையும் திருப்ப வேண்டும்.

வீடுகளில் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒரு பொதுவான காரணமாக உள்ளது. 14.2 கிலோ எரிவாயு அடங்கிய சிலிண்டரின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. தட்டுப் பிதுக்கம் உள்ளவர் இதனைத் தூக்கவே கூடாது. பிறர் உதவியை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை. ஒரு கையில் குடத்தையும் மறு கையில் ஒன்றுமில்லாமலும் சாய்ந்து நடப்பதைவிட, இரு கைகளிலும் சிறு பாத்திரங்களாகப் பிரித்து எடுத்துச் செல்வது நலம். இருமல், தும்மல் வரும்போதும் குனியாமல், அருகிலுள்ள சுவரையோ மேசையையோ கையால் பற்றி முதுகை நிமிர்த்திக்கொள்வது வலியைக் குறைக்கும்.

பளு தூக்கியே பிழைக்கும் தொழிலாளியிடம் ‘பளு தூக்காதே’ என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை. அவர்களின் நிலை பின்னர்க் கூறப்படும்.

நீண்ட நேரம் ஒரே நிலையில் இருத்தல்

மூன்றாவது, உட்காரும் பழக்கம். அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் இதுவே முதன்மையானது. சாய்மானத்துடன் உட்காருவது தட்டுக்குப் பெரும் சுமையன்று. முன்னே வளைந்து நெடுநேரம் உட்காருவதே தீங்கு. உல்ம் அளவீட்டில், நிமிர்ந்து உட்கார்ந்தபோது நிற்பதற்கு ஏறத்தாழ இணையாக இருந்த அழுத்தம், முழுவதும் வளைந்து உட்கார்ந்தபோது 0.8 மெகாபாஸ்கலைத் தாண்டியது. கோப்பின்மீது கவிழ்ந்து எழுதுவதும், மடியில் வைத்த கணிப்பொறியையோ கைப்பேசியையோ குனிந்து பார்ப்பதும், கட்டிலில் கால் நீட்டி வளைந்து படிப்பதும் இதில் அடங்கும்.

தட்டுக்கு நேரடியான இரத்தக் குழாய்கள் இல்லை. அசைவின்போது நிகழும் அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவதால்தான் ஊட்டப் பொருள்கள் அதனுள் ஊறிச் செல்கின்றன. எனவே சிறந்த நாற்காலியிலும் மணிக்கணக்கில் அசையாதிருப்பது கேடு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடப்பதும், தொலைபேசியில் பேசும்போது நிற்பதும், கோப்பைப் பணியாளர் மூலம் அனுப்புவதற்குப் பதில் தாமே எடுத்துச் செல்வதும் எளிய மாற்றுகள். நாற்காலியின் பின்வளைவில் இடுப்புக்கு ஒரு சிறு தலையணையோ சுருட்டிய துண்டோ வைப்பதும், பிட்டப் பையிலிருந்து பணப்பையை எடுத்துவிட்டு உட்காருவதும் உதவும்.

இந்திய வீடுகளில் தரையில் உட்காரும் வழக்கம் தொன்மையானது. நலமான உடலுக்கு ஏற்றது. ஆனால் வலி மிகுந்த வாரங்களில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவது இடுப்பை வளைத்து நரம்பை இழுக்கும். உணவருந்த உட்காருவோர் மணையின்மீது, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். குத்தவைக்கும் கழிப்பிடமும் அந்நாட்களில் வலியை மிகுவிக்கும். கழிப்பு நாற்காலியோ பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியோ போதுமானது. மலச்சிக்கலால் முக்குவதும் தட்டின் அழுத்தத்தைக் கூட்டும். கீரை, பழம், போதிய தண்ணீர் ஆகியவற்றை இந்நோக்கிலும் காண வேண்டும்.

பயணப் பழக்கங்கள்

நான்காவது, வாகனப் பழக்கம். உட்கார்ந்த நிலையில் உடல் முழுவதும் பெறும் அதிர்வு முதுகுக்குத் தீங்கானது என்பது டிராக்டர், லாரி ஓட்டுநர்களைப் பற்றிய பல ஆய்வுகளின் முடிவு. குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனத்தை விரைந்து ஓட்டுவதும், பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலோ கடைசி வரிசையிலோ அமர்வதும், உதைத்து வண்டியைக் கிளப்புவதும், கனமான வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற இடுப்பைத் திருகி இழுப்பதும் தவிர்க்கத்தக்கவை. நெடும் பயணத்தில் மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். பயணம் முடிந்து இறங்கியவுடன் பெட்டியைத் தூக்குவதும் தவறு. சில நிமிடங்கள் நடந்தபின் தூக்குவதே முறை.

புகையும் ஒரு பளு

பீடியும் சிகரெட்டும் நுரையீரலைக் கெடுப்பதை அனைவரும் அறிவர். முதுகுத் தட்டையும் அவை கெடுப்பது பலர் அறியாதது. ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் உள்ள இரட்டையர்களைப் பின்லாந்தில் ஒப்பிட்ட ஆய்வு, புகைப்பவரின் தட்டுகள் மிகுதியாகத் தேய்ந்திருந்ததை 1991இல் வெளிப்படுத்தியது. தட்டைச் சுற்றியுள்ள நுண்குழாய்களின் இரத்த ஓட்டம் குறைவதே இதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது. புகைப்பவரின் ஓயாத இருமல் வேறு ஒவ்வொரு முறையும் பிதுக்கத்தை உந்துகிறது.

நலம் தேடும் தவறான வழிகள்

கெடுதல் என்று அறிந்து செய்யும் பழக்கங்களைவிட, நன்மை என்று நம்பிச் செய்பவை சில வேளைகளில் மிகுந்த இன்னல் தருகின்றன.

பிறக்கும்போது கால் முன்வந்து பிறந்தவர் முதுகில் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்னும் நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. சிறுவர்களை முதுகின்மேல் நடக்கவிடுவதும், நெட்டி முறிக்கச் சொல்வதும் இதன் வேறு வடிவங்கள். தசைப்பிடிப்பு மட்டுமே உள்ளவருக்கு இதனால் ஊறு நேராமல் போகலாம். நரம்பு ஏற்கெனவே அழுந்தியிருப்பவருக்கு இந்த மிதி நிலையான ஊனத்தையே தந்துவிடக்கூடும்.

யோகாசனம் இந்தியாவின் கொடை. ஆயினும் எல்லா ஆசனமும் எல்லா நோய்க்கும் ஏற்றதன்று. கடும் வலியுள்ள காலத்தில் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், ஹலாசனம் போன்ற ஆழ்ந்த முன்வளைவுகள் தட்டைப் பின்னோக்கிப் பிதுக்கும் தன்மையுடையவை. சூரிய நமஸ்காரத்திலும் இம்முன்வளைவு உண்டு. தட்டுப் பிதுக்கம் உள்ளவர் அதனை ஆசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டை இரவும் பகலும் அணிவதும் ஒரு பழக்கமாகிவிடுகிறது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்குப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மெத்தையை அகற்றிவிட்டுப் பலகையிலோ வெறுந்தரையிலோ படுக்க வேண்டும் என்பது மற்றொரு பழைய அறிவுரை. நாட்பட்ட முதுகுவலியுடைய 313 பேரைக் கொண்டு ஸ்பெயினில் நடத்தி 2003இல் வெளியான ஆய்வு, மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே வலியைக் குறைத்ததாகக் கண்டது. நன்கு அடைத்த பஞ்சு மெத்தையோ தென்னைநார் மெத்தையின்மேல் விரித்த பருத்த விரிப்போ போதும். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைப்பது பலருக்கு இதம் தரும்.

படுக்கையும் அச்சமும்

எல்லாவற்றிலும் முதன்மையாகத் தவிர்க்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அது, அசைந்தால் கெட்டுவிடும் என்று அஞ்சி வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது. சயாட்டிகா நோயாளிகள் 183 பேரை இரு பிரிவாக்கி நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் இரண்டு வாரம் படுக்கை ஓய்வு பெற்றனர். மற்றவர் இயன்றவரை நடமாடினர். 1999இல் வெளியான முடிவின்படி, பன்னிரண்டு வாரத்துக்குப் பின் இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் முன்னேற்றம் கண்டிருந்தனர். படுக்கையால் கூடுதல் பயன் ஏதும் விளையவில்லை. படுத்திருக்கும் ஒவ்வொரு வாரத்திலும் தசைகள் மெலிகின்றன, வருவாய் நிற்கிறது, மனம் சோர்கிறது. வலி மிகுந்த ஓரிரு நாள் ஓய்வு கொள்வதில் தவறில்லை. அதன்பின் சமதளத்தில் சிறிது சிறிதாக நடப்பதே நலம் பயக்கும்.

அச்சத்துக்கு மற்றொரு காரணம் எம்.ஆர்.ஐ. படம். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவர்களுள் பாதிப் பேருக்குத் தட்டு உப்பியிருந்தது. நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் தெளிவான பிதுக்கமே இருந்தது. 1994இல் வெளியான இம்முடிவு, படத்தில் தெரிவதெல்லாம் நோயாகாது என்பதைப் புலப்படுத்தியது. அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் தெளிவு தேவை. கடும் சயாட்டிகா உள்ள 283 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோர் விரைவில் வலி நீங்கப் பெற்றனர். காத்திருந்தோருள் பத்தில் ஏறத்தாழ நால்வர் பின்னர் அறுவை செய்துகொண்டனர். ஓராண்டின் இறுதியில் இரு பிரிவினரின் நிலையும் ஒன்றாகவே இருந்தது. ஆக, பெரும்பாலோருக்கு முடிவெடுக்க அவகாசம் உண்டு.

அவகாசமில்லாத நிலைகளும் உள்ளன. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிக் கழிதல் அல்லது சிறுநீர் வெளிவராமல் அடைபடுதல், இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல், கால்களின் வலிமை நாளுக்கு நாள் குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவை தோன்றினால் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். நரம்புக் கற்றையின் அழுத்தத்தை உடனே நீக்காவிடில் ஊனம் நிலைத்துவிடும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, விழுந்து அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்கும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். காசநோயும் முதுகெலும்பைத் தாக்கக்கூடியது என்பதை நம் நாட்டில் மறத்தலாகாது.

பழக்கத்தை உருவாக்கும் கருவிகள்

இதுவரை கூறியவை தனிமனிதர் மாற்றிக்கொள்ளத்தக்க பழக்கங்கள். ஆனால் ஒருவர் குனிவது எப்போதும் அவர் விருப்பத்தால் அன்று. துடைப்பம் குட்டையாக இருப்பதால் பெருக்குபவர் குனிகிறார். அடுப்பு தரையில் இருப்பதால் சமைப்பவர் குனிகிறார். களைக்கொத்தின் பிடி ஒரு முழமாக இருப்பதால் உழவுப் பெண் நாள் முழுவதும் குனிகிறார். கருவி மாறாமல் பழக்கம் மாறாது. இங்குதான் நிருவாகத்தின் பங்கு தொடங்குகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பண்ணைத் தொழிலாளர் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொண்டு வேலை செய்யும் கட்டாயம் இருந்தது. அதனால் முதுகு முறிந்தோர் தொடுத்த நீண்ட போராட்டத்தின் விளைவாக 1975இல் அக்கருவியே தடை செய்யப்பட்டது. நெடும்பிடி போட்டபின்பும் பயிர்த்தொழில் குன்றிவிடவில்லை. இந்தியாவில் செம்மை நெல் சாகுபடியோடு பரவிய கோனோ வீடர் என்னும் உருளும் களைக்கருவி, நின்றபடியே களையெடுக்க உதவுகிறது. நடவு எந்திரமும் அவ்வாறே. இவை கூலிச் செலவைக் குறைக்கும் கருவிகளாக மட்டுமே மதிப்பிடப்படுகின்றன. முதுகைக் காக்கும் கருவிகளாகவும் இவற்றை மதிப்பிடுதல் தகும்.

பளுவுக்கும் வரம்பு தேவை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் இதற்கென ஓர் உடன்படிக்கையும் பரிந்துரையும் நிறைவேற்றியது. வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது அப்பரிந்துரை. உடலுக்கு ஊறு விளைக்கும் அளவு பளுவைத் தூக்க எவரையும் அமர்த்தலாகாது என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. ஆனால் சந்தையிலும் கிடங்கிலும் கட்டடப் பணியிடத்திலும் தினக்கூலியாய்ச் சுமப்பவர்கள் தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே இருந்தனர். சிமெண்ட் மூட்டை ஒன்றின் எடை 50 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், மிகச் சாதகமான நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடையாக 23 கிலோவையே தன் கணக்கின் அடிப்படையாகக் கொள்கிறது. இரு சக்கரத் தள்ளுவண்டி, சாய்பலகை, லாரியின் தட்டுக்குச் சமமான உயரத்தில் கட்டிய மேடை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஒரு கிடங்கு அலுவலர் மனம் வைத்தால் ஒரு நிதியாண்டுக்குள் இவற்றைச் செய்துவிடலாம்.

வீட்டளவிலும் இவ்வாறே. எரிவாயு அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும் என்பது தீ விபத்தைத் தடுக்க வகுத்த விதி. அவ்விதியே இல்லத்தரசியின் முதுகையும் காக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு குழாயும், பதினைந்து கிலோ எடையுள்ள குடத்தை நாள்தோறும் பலமுறை இடுப்பில் ஏற்றும் தேவையை நீக்குகிறது. குழாய் அமைக்கும்போது அதனடியில் இரண்டடி உயரத்தில் குடம் வைக்க ஒரு கல் நிறுத்தினால் பயன் முழுமையாகும். பள்ளிப்பையின் எடை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. சிறுவருக்குத் தட்டுப் பிதுக்கம் அரிதே. எனினும் பளுவை எவ்வாறு எடுப்பது என்னும் பழக்கம் அந்த வயதிலேயே படிகிறது.

அலுவலகங்களில் அன்றாடம் தேவைப்படும் கோப்புகளை அடித்தட்டிலும் பதிவேட்டு அறையின் உச்சியிலும் வைக்காமல், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்குவதற்குத் தனி ஆணை எதுவும் வேண்டியதில்லை. நோயிலிருந்து மீளும் ஊழியருக்கு நீண்ட விடுப்பு அளிப்பதைவிட, சில வாரங்கள் பளுவற்ற பணியை அளித்து நடமாட விடுவது அவருக்கும் அலுவலகத்துக்கும் நன்மை தரும்.

முதுகுத் தட்டு பிதுங்கியவர் தவிர்க்க வேண்டியவை குனிந்து தூக்குதல், தூக்கித் திருகுதல், வளைந்து நெடுநேரம் உட்காருதல், புகைத்தல், மிதியும் முறியும், அச்சத்தால் படுத்துக்கிடத்தல் ஆகியவை. நடப்பதையும் நிமிர்வதையும் உழைப்பதையும் அவர் தவிர்க்க வேண்டியதில்லை. அவர் நிமிர்ந்து உழைப்பதற்கேற்ற துடைப்பத்தையும் அடுப்பையும் களைக்கருவியையும் மேடையையும் அமைத்துத் தருவது மற்றவர்களின் பொறுப்பு.